கருவூலமும் கதிரவனும்

ஓர் அரசின் விருப்பத்தை அதன் தலைவர்கள் ஆற்றும் சொற்பொழிவுகளால் அறியலாம். அதன் உறுதியை அறிய வேண்டுமாயின் வரவுசெலவுக் கணக்கையே புரட்டிப் பார்த்தல் வேண்டும். நிலக்கரியையும் எண்ணெயையும் எரிப்பதால் எழும் கரிவாயு உலகின் வெப்பத்தை உயர்த்துகிறது என்பதை ஒப்புக்கொள்ளும் அரசுகள் இன்று பல. அவற்றுக்கு மாறாகக் கதிரவனையும் காற்றையும் பயன்கொள்ளும் முயற்சிக்கு எவ்வளவு பணம் கொடுப்பது, எந்தப் பையிலிருந்து எடுத்துக் கொடுப்பது என்ற கேள்வி எழும்போதுதான் உண்மையான வழக்குத் தொடங்குகிறது. இக்கேள்விக்கு ஐம்பது ஆண்டுகளாக வெவ்வேறு விடைகளைக் கண்டுவந்த ஒரு மாநிலத்தின் வரலாற்றை இன்று சொல்லலாம் என்று எண்ணுகிறேன். அது அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மேலைக் கடற்கரையில் அமைந்த கலிபோர்னியா.

அயல்நாட்டு மாநிலம் ஒன்றின் கணக்கு நமக்கு எதற்கு என்று மாணவர் சிலர் கேட்கக்கூடும். மாநில அரசு தன் விருப்பம்போல் நாணயம் அச்சிட இயலாது. பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் சாலைக்கும் ஒதுக்கியது போக எஞ்சுவதைக் கொண்டே புதிய முயற்சிகளைச் செய்தல் வேண்டும். இந்த இக்கட்டு உலகின் எந்த மாநிலத்திற்கும் பொதுவானது. கலிபோர்னியா செல்வம் மிக்க மாநிலமாதலால் இக்கட்டு அங்கே இல்லை என்று கருதிவிடக் கூடாது. செல்வம் மிக்கவன் வீட்டிலும் மாதக் கடைசி உண்டு.

முதலில் அங்கே கணக்குப் போடும் முறையைச் சிறிது தெரிந்துகொள்வோம். அம்மாநில ஆளுநர் நம் நாட்டு ஆளுநரைப் போன்றவர் அல்லர். மக்களால் நேரே தேர்ந்தெடுக்கப்பட்டு, நம் முதலமைச்சர் செய்யும் வேலையைச் செய்பவர். அவர் ஜனவரி 10ஆம் நாளுக்குள் வரவுசெலவுத் திட்டத்தை வெளியிடுகிறார். மே மாதத்தில் அதைத் திருத்துகிறார். ஜூன் 15ஆம் நாளுக்குள் சட்டமன்றம் அதை நிறைவேற்றுதல் வேண்டும். தவறினால் உறுப்பினர்களுக்கு அந்நாட்களின் சம்பளம் கிடையாது. (2010இல் மக்கள் வாக்களித்து வகுத்த விதி இது. வேறு சில நாடுகளும் இதைப் பின்பற்றலாம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.) வரவுக்கு மேல் செலவு காட்டுதல் கூடாது. பொதுநிதியில் ஏறத்தாழ நூற்றுக்கு 40 பங்கு கல்விக்கு உரியது என்பது 1988இல் மக்கள் வாக்கால் அரசியலமைப்பிலேயே எழுதப்பட்டது. இந்தக் கடைசி விதியை நினைவிற் கொள்ளுங்கள். பின்னர் நடந்தவற்றுக்கு அதுவும் ஒரு காரணம்.

1973 அக்டோபரில் அரபு நாடுகள் அமெரிக்காவுக்கு எண்ணெய் அனுப்புவதை நிறுத்தின. எண்ணெய்க் கடைகளில் ஊர்திகள் நீண்ட வரிசையில் நின்றன. அதற்குச் சற்று முன்புதான், எரிசக்திக்கெனத் தனி ஆணையம் வேண்டும் என்று சட்டமன்றம் அனுப்பிய மசோதாவை ஆளுநர் ரொனால்டு ரீகன் மறுத்திருந்தார். எண்ணெய் நின்றபின், 1974இல், அதே நோக்கமுடைய மசோதாவில் அவர் கையொப்பமிட்டார். இச்சட்டத்தில் நான் சிறப்பாகக் கருதுவது அதன் பொருளாதார ஏற்பாடு. ஆணையத்தின் செலவுக்குப் பொதுநிதியை நாடாமல், மாநிலத்தில் செலவாகும் ஒவ்வொரு யூனிட் மின்சாரத்தின் மீதும் ஒரு சென்டின் மிகச் சிறு பின்னம் தண்டப்பட்டது. நல்ல ஆண்டோ கெட்ட ஆண்டோ, விளக்கு எரியும்வரை ஆணையத்திற்கு வருவாய் உண்டு. ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்னும் அவ்வாணையம் நிலைத்து நிற்கிறது.

அடுத்து வந்த ஆளுநர் ஜெரி பிரௌன் வேறொரு வழியை விரும்பினார். அரசு பணம் கொடுக்கவும் வேண்டாம், தண்டவும் வேண்டாம். தனக்கு வரவேண்டிய வரியில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்தால் போதும் என்பது அவ்வழி. 1977இல், வீட்டுக் கூரையில் கதிரவன் வெப்பத்தால் நீர் காய்ச்சும் கருவி அமைப்பவருக்கு, அதன் விலையில் நூற்றுக்கு 55 பங்கு, 3,000 டாலருக்கு மேற்படாமல், வருமான வரியிற் கழிக்கப்பட்டது. காற்றாலைகளுக்கும் சலுகை வந்தது. நடுவண் அரசின் சலுகையையும் மாநிலத்தின் சலுகையையும் கூட்டினால், காற்றாலையில் முதலிட்டவருக்கு முதலில் ஏறத்தாழப் பாதி வரிக்கழிவாகத் திரும்பி வந்தது. காற்றாலை தரும் மின்சாரத்தை மின் நிறுவனங்கள் வாங்கியே தீர வேண்டும் என்று 1978ஆம் ஆண்டு நடுவண் சட்டம் ஒன்றும் துணை நின்றது.

அதன் விளைவு வியக்கத்தக்கது. சான்பிரான்சிஸ்கோவுக்குக் கிழக்கே ஆல்டமாண்ட் கணவாய் இருக்கிறது. கோடைக்காலத்தில் உள்நாட்டுப் பள்ளத்தாக்கு வெப்பமேறி அங்குள்ள காற்று மேலெழும். அதன் இடத்தை நிரப்பப் பசிபிக் கடலின் குளிர்ந்த காற்று கணவாய் வழியே விரைந்து புகும். நம் ஆரல்வாய்மொழிக் கணவாயில் நின்று மேல்காற்றின் வேகத்தை உணர்ந்தவர்கள் இதை எளிதில் புரிந்துகொள்வர். ஆல்டமாண்ட், டெஹாச்சபி, சான்கோர்கோனியோ என்னும் மூன்று கணவாய்களிலும் 1981 முதல் காற்றாலைகள் ஆயிரக்கணக்கில் எழுந்தன. 1986க்குள் ஏறத்தாழ 1,200 மெகாவாட் திறன் அங்கே அமைந்துவிட்டது. அந்நாளில் உலகம் முழுவதிலும் இருந்த காற்று மின் திறனில் மிகப் பெரும்பகுதி அது.

ஆனால் சலுகையின் அமைப்பில் ஒரு பிழை இருந்தது. எவ்வளவு முதலிட்டாய் என்று கேட்ட அரசு, எவ்வளவு மின்சாரம் தந்தாய் என்று கேட்கவில்லை. சுழலாத காற்றாலைக்கும் வரிக்கழிவு கிடைத்தது. அவசரத்தில் வடித்த இறகுகள் முறிந்தன; பல்சக்கரங்கள் தேய்ந்து நின்றன. உறுதியாகச் சுழன்றவற்றுட் பெரும்பாலானவை டென்மார்க்கு நாட்டில் உழவுக் கருவிகள் செய்து பழகிய நிறுவனங்கள் வடித்தவை. 1985ஆம் ஆண்டின் இறுதியில் நடுவண் அரசின் சலுகை முடிந்தது. மாநிலத்தின் சலுகையும் விரைவில் முடிந்தது. கலிபோர்னியாச் சந்தையையே நம்பியிருந்த வேஸ்டாஸ் என்னும் டேனிய நிறுவனம் 1986இல் கடனைக் கொடுக்க இயலாமல் நின்று, மறு ஆண்டில்தான் மீண்டும் உருப்பெற்றது. சாக்ரமெண்டோ நகரில் ஒரு வரிச் சலுகை முடிந்தால் யட்லாந்துத் தீபகற்பத்தில் ஒரு தொழிற்சாலை மூடப்படுகிறது! அதே 1986ஆம் ஆண்டில்தான் நம் தூத்துக்குடியிலும் முதற் காற்றாலைகள் நடுவண் அரசின் முயற்சியால் நிறுவப்பட்டன. பிற்காலத்தில் நம் நாடும் காற்றாலை முதலீட்டுக்கு வருமான வரியில் பெருங்கழிவு தந்து, கலிபோர்னியா கற்ற அதே பாடத்தைத் தன் செலவிற் கற்றது. தரும் மின்சாரத்தின் அளவுக்கேற்ப ஊக்கத்தொகை வழங்கும் திட்டம் இந்தியாவில் 2009இல் வந்தது.

இன்னொரு நிகழ்ச்சியையும் சொல்லுதல் வேண்டும். மொகாவிப் பாலைவனத்தில், வளைந்த நீண்ட ஆடிகளால் கதிரவன் வெப்பத்தைக் குவித்து நீராவி எழுப்பி மின்சாரம் செய்யும் ஒன்பது நிலையங்களை லூஸ் என்னும் நிறுவனம் 1984க்கும் 1990க்கும் இடையே கட்டியது. அவற்றின் மொத்தத் திறன் 354 மெகாவாட். இத்துறையில் உலகில் ஒப்பாரின்றி நின்ற அந்நிறுவனம் 1991இல் நொடித்துப்போனது. வரிச் சலுகைகள் அவ்வப்பொழுது குறுகிய காலத்திற்கே நீட்டிக்கப்பட்டன. இவ்வாண்டு உண்டா இல்லையா என்று தெரியாமலே அடுத்த நிலையத்திற்குக் கடன் திரட்ட வேண்டியிருந்தது. எரிவாயுவின் விலை வீழ்ச்சியும் சேர்ந்துகொண்டது. நிறுவனம் மறைந்த பிறகும் அந்த ஆடிகள் பல்லாண்டு மின்சாரம் தந்துகொண்டிருந்தன. ஆகவே குறை ஆடிகளில் இல்லை, காலக்கெடுவில்தான் இருந்தது என்று நான் கருதுகிறேன்.

இதனிடையே மாநிலக் கருவூலத்தின் அடித்தளமே மாறிவிட்டது. 1978இல் வீட்டுவரியைக் கட்டுப்படுத்தும் பதின்மூன்றாம் முன்மொழிவை மக்கள் நிறைவேற்றினர். வீடும் நிலமும் ஆண்டுக்காண்டு பெரிதும் மாறுவன அல்ல. அவற்றின் வரி நிலையானது. அது குறுகவே உள்ளாட்சிகளின் செலவிற் பெரும்பகுதியை மாநிலம் ஏற்றுக்கொள்ள நேர்ந்தது. அதற்கு மாநிலம் வருமான வரியையே மேன்மேலும் நம்பியது. அவ்வருமான வரியிலோ, நல்ல ஆண்டுகளில் ஏறத்தாழப் பாதியைச் செலுத்துவோர் நூற்றுக்கு ஒருவராகிய பெருஞ்செல்வர். அவர்களுடைய வருமானம் பங்குச்சந்தையோடு ஏறி இறங்கும். ஆகவே பங்குச்சந்தை தும்மினால் கலிபோர்னியாவின் கருவூலத்திற்குச் சளி பிடிக்கும்.

1996இல் மின் விற்பனையைச் சீர்திருத்தியபோது, நான்காண்டுக் காலத்திற்கு 54 கோடி டாலர் மின் கட்டணத்தின் வழியே தண்டிப் புதுப்பிக்கத்தக்க ஆற்றலுக்கு அளிக்கப்பட்டது. 2006இல் ஆளுநர் ஆர்னால்டு ஷ்வார்ஸ்நெகர் கையொப்பமிட்ட சட்டம், 2020க்குள் மாநிலத்தின் கரிவாயு வெளியீட்டை 1990ஆம் ஆண்டின் அளவுக்குக் குறைத்தல் வேண்டும் என்று ஆணையிட்டது. அச்சட்டத்தின் கிளையாகத்தான் புதிய பை ஒன்று தைக்கப்பட்டது.

அப்பையின் அமைப்பு இது. ஆண்டொன்றுக்கு இவ்வளவு டன் கரிவாயுதான் வெளிப்படலாம் என்று அரசு ஒரு வரம்பு கட்டுகிறது. அவ்வளவுக்கு மட்டும் உரிமச் சீட்டுகளை வெளியிடுகிறது. ஆண்டுதோறும் சீட்டுகளைக் குறைக்கிறது. மின் நிலையமும் சிமெண்டு ஆலையும் எண்ணெய் வணிகரும் தாம் வெளியிடும் ஒவ்வொரு டன்னுக்கும் ஒரு சீட்டைத் திருப்பித் தருதல் வேண்டும். சீட்டுகளில் ஒரு பகுதி இலவசம். மற்றொரு பகுதி ஏலம். முதல் ஏலம் 2012 நவம்பர் 14ஆம் நாள் நடந்தது. சீட்டு ஒன்று 10 டாலர் 9 சென்டுக்குப் போயிற்று. ஏலப் பணம் கரிவாயுவைக் குறைக்கும் பணிகளுக்கே உரியது என்று தனி நிதி ஒன்றிற் சேர்க்கப்பட்டது.

பை தைத்து ஓராண்டு ஆகவில்லை. அதற்குள் பொதுநிதி அதில் கைவைத்தது. அப்போது மீண்டும் ஆளுநராயிருந்தவர் அதே ஜெரி பிரௌன். 2013-14ஆம் ஆண்டுத் திட்டத்தில் 50 கோடி டாலரைப் பொதுநிதிக்குக் கடனாக எடுத்துக்கொண்டார். செலவிடுவதற்கான திட்டங்கள் இன்னும் ஆயத்தமாகவில்லை என்பது அவர் தரப்பு விளக்கம். கடன் பின்னர்ச் சிறுகச் சிறுகத் திருப்பித் தரப்பட்டதும் உண்மையே. எனினும் மறு ஆண்டில் சட்டமன்றம் விழித்துக்கொண்டது. நிதியில் நூற்றுக்கு 25 பங்கு அதிவிரைவு இருப்புப்பாதைக்கு, 20 பங்கு எளியோர் குடியிருப்புக்கு, 15 பங்கு பேருந்துக்கும் இரயிலுக்கும் என்று ஆண்டுதோறும் கேளாமலே செல்லும்படி சட்டம் செய்தது. எஞ்சியதை மட்டும் ஆண்டுக்காண்டு பங்கிட்டனர். வறுமையும் மாசும் மிகுந்த வட்டாரங்களுக்கு அந்நிதியில் ஒரு பங்கு கட்டாயம் என்ற விதியும் 2012லிருந்தே இருந்தது. ஏல வருவாயும் ஏற்றத்தாழ்வுக்கு உட்பட்டதே. இத்திட்டம் சட்டவிரோதமான வரி என்று வழக்கு நடந்துகொண்டிருந்த 2016இல், ஓர் ஏலத்தில் எதிர்பார்த்ததன் மிகச் சிறு பங்கே கருவூலத்திற்கு வந்தது. 2017இல் சட்டமன்றம் மூன்றில் இரு பங்கு வாக்குகளால் திட்டத்தை 2030 வரை நீட்டித்த பின்னரே அந்த ஐயம் நீங்கியது. இவ்வளவு இடர்களுக்கும் இடையே, 1990ஆம் ஆண்டின் அளவைக் கலிபோர்னியா 2016லேயே, கெடுவுக்கு நான்காண்டு முன்னதாக எட்டிவிட்டது என்பதையும் சொல்லுதல் முறை.

இனி அண்மைக் கால நிகழ்ச்சிகளுக்கு வருவோம். 2020 ஆகஸ்டு 14, 15ஆம் நாட்களில் வெப்ப அலை தாங்காமல் மாநிலத்தில் முறைவைத்து மின்சாரம் நிறுத்தப்பட்டது. அதே ஆண்டில் காட்டுத்தீ 40 இலட்சம் ஏக்கருக்கு மேல் எரித்தது. மக்கள் அஞ்சியிருந்த அவ்வேளையிற் கருவூலம் நிரம்பத் தொடங்கியது. கொள்ளைநோய்க் காலத்திற் பங்குவிலை ஏறியதால், 2022 மே மாதத்தில் 9,750 கோடி டாலர் உபரி இருப்பதாக ஆளுநர் கேவின் நியூசம் அறிவித்தார். காலநிலைப் பணிகளுக்கு ஐந்தாண்டுகளில் 5,400 கோடி டாலர் என்று அவர் அரசு உறுதி கூறியது. ஒரு மாநில அரசு இவ்வளவு பெருந்தொகையை இத்துறைக்கு அறிவித்ததை நான் வேறெங்கும் கண்டதில்லை.

ஏன் இத்துறைக்கு இவ்வளவு? நல்லெண்ணம் ஒரு காரணம். மற்றொரு காரணம் கணக்கில் இருக்கிறது. உபரி ஒருமுறை வருவது; அதை ஆசிரியர் சம்பளம் போன்ற தொடர்செலவில் ஈடுபடுத்தினால் மறு ஆண்டில் கையைப் பிசைய நேரும். மேலும் 1979இல் மக்கள் வகுத்த செலவு வரம்பு ஒன்று உண்டு. கட்டுமானச் செலவுகள் அவ்வரம்பிற் சேரா. மின்னேற்ற நிலையம், நீர்த்தேக்கம், மின்சாரப் பேருந்து என்பன ஒருமுறைச் செலவுகள். எனவே உபரிக்கு ஏற்ற பாத்திரமாக இத்துறை அமைந்தது. எளிதில் நிரப்பப்பட்ட பாத்திரம் எளிதிற் கவிழ்க்கவும் பட்டது.

2023 ஜனவரியில் உபரி போய் 2,250 கோடி டாலர் பற்றாக்குறை தோன்றியது. பங்குவிலை சரிந்ததே தலையாய காரணம். ஆளுநர் 5,400 கோடியை 4,800 கோடியாக்கலாம் என்றார். அந்த மாதத்தில் இன்னொன்றும் நடந்தது. பசிபிக் கடலினின்று வரிசையாக எழுந்த புயல்கள் பெருமழை பொழிந்து ஆறுகளை உடைத்தன. மாநிலத்தின் 58 கவுண்டிகளில் 55இல் வாழ்வோர்க்கு வருமான வரி செலுத்தும் நாள் ஏப்ரலிலிருந்து தள்ளிவைக்கப்பட்டு இறுதியில் நவம்பர் ஆயிற்று. ஆக, எவ்வளவு வரி வரும் என்று தெரியாமலேயே அவ்வாண்டுத் திட்டம் ஜூன் மாதத்தில் நிறைவேறியது! மே மாதத்தில் 3,150 கோடி என்று கருதிய பற்றாக்குறை, நவம்பரில் உண்மை வரவு தெரிந்தபின் அதனினும் ஆழமானது என்று புலனாயிற்று. காலநிலைக்காக ஒதுக்கிய பணத்தைக் காப்பதா வெட்டுவதா என்று முடிவு செய்யும் கணக்கையே தட்பவெப்பம் குலைத்த இந்நிகழ்ச்சியை, எதிர்கால வரலாற்றாசிரியர்கள் விடாது குறிப்பர் என்று நம்புகிறேன்.

2023லும் 2024லும் சில தொகைகள் வெட்டப்பட்டன. சில பின்னாண்டுகளுக்குத் தள்ளப்பட்டன. சில ஏல நிதியின் தலையில் ஏற்றப்பட்டன. பள்ளிக்கு அரசியலமைப்பின் காவல் இருந்தது. ஓய்வூதியத்திற்கும் கடன் வட்டிக்கும் சட்டத்தின் காவல் இருந்தது. கதிரவனுக்கு அத்தகைய காவல் இல்லை. இதை மட்டும் கொண்டு ஆளுநரைக் குறைகூற நான் விரும்பவில்லை. மருத்துவ உதவியை வெட்டுவதா, மின்னேற்ற நிலையத்தைத் தள்ளிவைப்பதா என்று கேட்டால், அவர் இடத்திலிருக்கும் எவரும் தயங்காமல் விடை சொல்லிவிட முடியாது.

பெருமாற்றம் ஒன்று இக்கணக்கின் வழியே வரவில்லை என்பதையும் மாணவர்கள் கவனித்தல் வேண்டும். பகலிற் கிடைக்கும் கதிரவன் மின்சாரத்தை இரவுக்குச் சேமிக்கும் மின்கலங்கள் 2024 ஏப்ரலில் அம்மாநிலத்தில் 10,000 மெகாவாட்டைக் கடந்தன. அவற்றுட் பெரும்பாலானவை மின் நிறுவனங்கள் ஒழுங்குமுறை ஆணையத்தின் கட்டளைப்படி ஒப்பந்தம் செய்தவை. அவற்றின் விலை வருமான வரியில் அன்று, மின் கட்டணத்தில் ஏறியது. கட்டணம் நிலையானது, பங்குச்சந்தையைச் சார்ந்ததன்று. ஆனால் வருமான வரியில் பெரும்பங்கு கோடீசுவரரைச் சேர, மின் கட்டணமோ ஒற்றை அறையில் குடியிருப்பவரையும் சேர்கிறது. கலிபோர்னியாவின் மின் கட்டணம் அமெரிக்க மாநிலங்களில் மிக உயர்ந்தவற்றுள் ஒன்று. உறுதியான பை ஏழையின் பையாகவும், செல்வரின் பை உறுதியற்ற பையாகவும் அமைந்ததுதான் இவ்வரலாற்றின் கடினமான முடிச்சு என்று நான் கருதுகிறேன். அங்குள்ள அறிஞர்கள் இதை இன்னும் அவிழ்த்துவிடவில்லை.

2024 நவம்பர் 5ஆம் நாள் மற்றொரு வழி தேடப்பட்டது. 1,000 கோடி டாலர் கடன் பத்திரம் வெளியிடலாமா என்று மக்களையே கேட்டனர். ஏறத்தாழ நூற்றுக்கு 60 பேர் இசைந்தனர். நீருக்கு 380 கோடி, காட்டுத்தீத் தடுப்புக்கு 150 கோடி, தூய ஆற்றலுக்கு 85 கோடி என்று அது பிரிக்கப்பட்டது. தூய ஆற்றலின் பங்கிற் பாதிக்கு மேல், ஆழ்கடலில் காற்றாலை நிறுவுவதற்கான துறைமுகங்களுக்கு உரியது. கடனாதலால் ஓராண்டுப் பற்றாக்குறை அதைத் தொட முடியாது. அதற்கு விலை உண்டு: ஆண்டுக்கு ஏறத்தாழ 40 கோடி டாலராக 40 ஆண்டுகள், மொத்தம் 1,600 கோடி திருப்பித் தரவேண்டும் என்று சட்டமன்றப் பகுப்பாய்வாளர் அலுவலகம் வாக்காளர்களுக்கு முன்கூட்டியே கணக்கிட்டுக் காட்டியது. வாக்களித்தவர்களின் பேரப்பிள்ளைகளும் அதில் பங்கு கொடுப்பர். வெப்பத்தைத் தாங்கப்போகிறவர்களும் அவர்களே.

2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலிஸ் வட்டாரத்தில் மூண்ட தீயில் 16,000க்கு மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. அவ்வாண்டு செப்டம்பரில் ஏலத் திட்டம் 2045 வரை நீட்டிக்கப்பட்டது. அதிவிரைவு இருப்புப்பாதைக்கு நூற்றுக்கு 25 பங்கு என்பதற்கு மாறாக, ஆண்டுக்கு 100 கோடி டாலர் என்று தொகையாகவே வகுக்கப்பட்டது. அதே ஆண்டின் வரவுசெலவுத் திட்டத்தில், பொதுநிதி ஏற்றுவந்த தீயணைப்புத் துறைச் செலவில் 100 கோடி டாலர் அந்த ஏல நிதிக்கு மாற்றப்பட்டது. தீயை அணைப்பது கரிவாயுவைக் குறைக்கும் பணியா, அன்றிப் பொதுநிதியின் பழைய கடமையா என்ற வாதம் சாக்ரமெண்டோவில் தொடங்கியிருக்கிறது.